கோத்தகிரியில் இருக்கிறேன். ரேஸிங் கேம் ஆட 30,000 ரூபாய்க்குள் எந்த ஸ்டீயரிங் வீல் வாங்கலாம்?

கேள்வியோடு நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: இப்போது கணினியில் கீபோர்டு வைத்து ஆடுகிறீர்கள், அடுத்த வருடம் பிளேஸ்டேஷன் 5 வாங்கும் எண்ணம் உண்டு, ராலியும் லாரி ஓட்டும் கேமும் பிடிக்கும், வைக்க ஒரு சாதாரண மர மேசைதான் இருக்கிறது. நான் குன்னூரில் இருக்கிறேன். என்னிடம் இப்போது இருப்பது மூன்றாவது வீல். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். லாஜிடெக் ஜி29 வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், அல்லது உங்கள் வீட்டில் ஈரம் அதிகம் என்றால், த்ரஸ்ட்மாஸ்டர் டி248 பாருங்கள். இரண்டும் கைக்கு எட்டாத விலையில் இருந்தால் காத்திருங்கள். அந்த இடைவெளியில் ஒரு நல்ல கேம்பேடு போதும். ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது மோட்டார் மூலம் ரோட்டின் இழுப்பைக் கைக்குத் தரும் வசதி, இல்லாத வீலை மட்டும் வாங்காதீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் முதல் வீல் அப்படிப்பட்டதுதான். பக்கத்துக்கு 90 டிகிரி, மொத்தம் 180 டிகிரிதான் திரும்பும். உள்ளே மோட்டார் கிடையாது, நடுவுக்கு இழுக்க ஒரு ஸ்பிரிங் மட்டும். என் மாமா மேட்டுப்பாளையம் ரோட்டில் பல வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குன்னூர் ஏறும் அந்த 14 கொண்டை ஊசி வளைவும் அவருக்குக் கண்ணை மூடினால் தெரியும். ஆசையாக அவரை உட்கார வைத்தேன். வளைவில் ஒடித்தார், வளைவு முடிந்ததும் வழக்கம்போல் கையைத் தளர்த்தினார். வீல் ரப்பர் மாதிரி பட்டென்று நடுவுக்கு வந்து நின்றது, கார் போய்ச் சுவரில் இடித்தது. "ஏம்மா, வண்டி வளைவுலயே இருக்குது, ஸ்டீயரிங் மட்டும் நேரா வந்துருச்சே" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நிஜ வண்டியில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவது ஸ்பிரிங்கால் இல்லை. முன் டயர்கள் ரோட்டைப் பிடித்து உருளும்போது தாமாகவே நேராக வரப் பார்க்கின்றன, அந்த இழுப்புதான் நம் உள்ளங்கைக்கு வருகிறது. வேகம் கூடினால் இழுப்பு கூடும். முன் டயர் பிடியை விட்டு வழுக்க ஆரம்பித்தால் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகும். பின்பக்கம் வீசினால் ஸ்டீயரிங் தானே எதிர்ப்பக்கம் ஓடும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள வீலில் இந்த இழுப்பைக் கேம் கணக்குப் போட்டு மோட்டாருக்கு அனுப்புகிறது. ஸ்பிரிங் வீலில் ஐஸும் தார் ரோடும் கைக்கு ஒன்றுதான். டர்ட் ராலி என்ற கேமில் மான்டே கார்லோ மலைப்பாதை இருக்கிறது, பாதி ரோடு காய்ந்தும் பாதி பனி உறைந்தும் கிடக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கையில் அந்த 'லேசாவது' தெரிந்தால்தான் அங்கே வண்டி தப்பும். இரண்டாவது வீல் வாங்கிய பிறகு மாமா மறுபடி உட்கார்ந்தார். வளைவின் முடிவில் விரல்களைத் தளர்த்தி, வீலை உள்ளங்கைக்குள் வழுக்கி ஓடவிட்டு, நேரானதும் பிடித்தார். பஸ்ஸில் செய்ததை அப்படியே செய்தார். கடையில் எந்த வீலைச் சோதித்துப் பார்த்தாலும் இதைச் செய்து பாருங்கள்.

இனி மோட்டாரின் விசை கைக்கு வந்து சேரும் வழி. ஜி29-ல் இரண்டு மோட்டார்கள், பல்சக்கரம் வழியாக விசை வருகிறது. நம் மலை ரயில் கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல் பட்டையில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பல்லோடு பல் கடிப்பதால் பிடி உறுதி, ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதனால் ஜி29-ல் நடுப்பகுதியில் துளி அசைவு உணராமல் போகும், குண்டும் குழியுமான பாதையில் கடகடவென்று சத்தமும் வரும். சாய்வுப் பற்கள் வைத்திருப்பதால் ரொம்ப மோசமில்லை, ஆனாலும் சத்தம் உண்டு. எஸ்டேட் லயத்து வீட்டில், அடுத்த வீட்டோடு ஒரே சுவர் என்றால், ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவரை ஒட்டி மேசையைப் போடாதீர்கள். மேசைக் கால்களுக்கு அடியில் பழைய யோகா மேட்டை வெட்டி வைத்தேன், பாதி சத்தம் அடங்கியது. டி248-ல் பாதி பெல்ட், பாதி பல்சக்கரம். சற்று மென்மையாக இருக்கும்.

இதற்கு மேலே போனால் டைரக்ட் டிரைவ். மோட்டாரின் தண்டிலேயே வீலை மாட்டிவிடுவார்கள், நடுவில் எதுவும் இல்லை. யூடியூப் பார்த்தால் எல்லோரும் அதைத்தான் வாங்கச் சொல்வார்கள். விசைக் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஜி29 ஏறக்குறைய 2.2 நியூட்டன் மீட்டர். அதாவது வீலின் விளிம்பில் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையைத் தொங்கவிட்டால் வரும் இழுப்பு. 2021-ல் வந்த ஃபானடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர், 30 சென்டிமீட்டர் வீல் போட்டால் விளிம்பில் மூன்று கிலோவுக்கு மேல். உங்கள் மர மேசை அதற்கு ஆடிவிடும், இரும்பு ஸ்டாண்டு தேவைப்படும். மோசா ஆர்5 அருமையான பொருள், 5.5 நியூட்டன் மீட்டர், ஆனால் அது கணினிக்கு மட்டும். அடுத்த வருடம் பிளேஸ்டேஷன் வாங்கினால் அதில் வேலை செய்யாது. உங்கள் தொகைக்கும் அது பொருந்தாது.

எல்லோரும் மோட்டாரையே பேசுகிறார்கள், பெடலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். மலையில் பிறந்த நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லட்டியில் 36 வளைவு இறங்கும் ரோட்டில் வண்டிகள் கவிழ்வது பெரும்பாலும் பிரேக்கால்தான். ஏறுகிற கியரிலேயே இறங்காமல், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து சூடாக்கிவிடுகிறார்கள். கேமிலும் நேரம் போவது பிரேக்கில்தான். வளைவுக்கு முன் எங்கே அழுத்துகிறோம், திரும்பும்போது எவ்வளவு மெதுவாக விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நிஜ காரில் பிரேக் பெடல் சிறிது தூரம் போய்ப் பிறகு கல் மாதிரி நிற்கும். அதற்குப் பிறகு அழுத்தம்தான் கணக்கு, தூரம் இல்லை. நம் காலும் அழுத்தத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். விலை குறைந்த பெடல்கள் தூரத்தை மட்டும் அளக்கின்றன. லோட் செல் வைத்த பெடல்கள் அழுத்தத்தை அளக்கின்றன. ஜி29 தூரத்தை அளக்கும் வகைதான், ஆனால் பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை வைத்திருக்கிறார்கள், பாதி தூரத்துக்குப் பிறகு அது எதிர்க்கும். புதிதாக வாங்கியவர்கள் "பிரேக் ரொம்பக் கெட்டி" என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு எப்போதாவது கையில் பணம் சேர்ந்தால், வீலை மாற்றுவதற்கு முன் லோட் செல் பெடல் வாங்குங்கள். என் மூன்றாவது வீலுக்குப் போட்ட பணத்தைப் பெடலுக்குப் போட்டிருந்தால் ஒரு வருடம் முன்பே வேகம் கூடியிருக்கும்.

அடுத்தது ஈரம். இதைக் கீழே சமவெளியில் இருப்பவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று வருமே, பல பெடல்களுக்குள் இருப்பது அதே சாமான்தான், பொட்டென்ஷியோமீட்டர் என்பார்கள். கரிப்பூச்சின் மேல் ஒரு சின்னத் தகடு உரசிக்கொண்டே போகும். தூசியும் ஈரமும் படிந்தால் அளவு நடுங்கும். என் இரண்டாவது வீலில் ஐப்பசி மழை முடிவதற்குள் இது வந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருந்தாலும் திரையில் 70, 100, 85 என்று துள்ளியது, நேர் ரோட்டில் வண்டி விக்கியது. அதை நானே திறந்து, காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, பெடலை முப்பது நாற்பது தடவை மிதித்துவிட்ட பிறகு சரியானது. வாரன்டி இருக்கும்போது திறக்க வேண்டாம், அது போய்விடும். ஜி29 பெடலில் இருப்பதும் இந்த வகைதான். டி248 பெடலில் காந்த சென்சார் இருக்கிறது, எதுவும் எதோடும் உரசாது, அதனால்தான் ஈரம் அதிகமுள்ள வீட்டுக்கு அதைச் சொன்னேன்.

ஜி29 வீலின் மேல் உண்மையான தோல் போர்த்தியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் நம் வீட்டு ஷூவிலும் பெல்ட்டிலும் வெள்ளையாகப் பூசணம் பூக்கிறதே, அதே கதை இதற்கும் வரும். விளையாடி முடித்ததும் கை வியர்வையைக் காய்ந்த துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துவிடும், பழைய பருத்தி வேட்டியோ துப்பட்டாவோ போதும். வருஷக்கணக்காக நான் அப்படித்தான் மூடி வைக்கிறேன்.

மேசை, நாற்காலி விஷயத்தில் செலவே இல்லாமல் நிறையச் சரிசெய்யலாம். பிரேக்கைப் பலமாக மிதித்தால் சக்கர நாற்காலி பின்னால் ஓடும், பெடல் முன்னால் ஓடும். சிவப்புச் சிமெண்டுத் தரையில் கேட்கவே வேண்டாம். பெடலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரப்பலகையைச் சரியான நீளத்துக்கு அறுத்து முட்டுக் கொடுங்கள். சக்கரம் இல்லாத மர நாற்காலியில் உட்காருங்கள். மேசையில் வீலை இறுக்கும் கிளாம்புக்கு அடியில் பலகை மெல்லியதாக இருந்தால் ஒரு துண்டு பிளைவுட் வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் மேசை கீறும்.

கரண்டு போய்வந்தால் வீல் தன்னைத் தானே இருபக்கமும் முழுதாகச் சுற்றிக்கொள்ளும், அது அளவு எடுக்கும் வேலை. அப்போது கையை எடுத்துவிடுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் பக்கத்தில் விடாதீர்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும், அதே உருவத்தில் வரும் ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும். டி248-லும், 2020-ல் வந்த ஜி923-லும் இதே மாதிரி இரண்டு வகை உண்டு. ஜி923-ல் கூடுதலாக இருக்கும் ட்ரூஃபோர்ஸ், அதாவது என்ஜின் அதிர்வு போன்றவற்றையும் கைக்குத் தரும் வசதி, அதை ஆதரிக்கும் கேம்களில் மட்டும் வேலை செய்யும், அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கியர் லீவர் ஜி29-க்குத் தனியாக விற்கிறார்கள். முதல் ஆறு மாதம் வீலின் பின்னால் இருக்கும் கியர் தகடுகளே போதும். லாரி ஓட்டும் கேமான யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2-ல் மனம் நிலைத்துவிட்டால் அப்போது லீவர் வாங்குங்கள். அந்த கேமில் ஏர் பிரேக் சிமுலேஷனையும் போட்டுக்கொள்ளுங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருந்தால் காற்று தீர்ந்துபோகும், நம் ஊர் லாரி மாதிரியே.

செட்டிங்கில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு, விசையை 100-ல் வைப்பது. அப்படி வைத்தால் பெரிய விசைகள் எல்லாம் மோட்டாரின் உச்சியில் முட்டி ஒரே அளவாகிவிடும், சின்னக் குழியும் பெரிய குழியும் கைக்கு ஒன்றாகத் தெரியும். அசெட்டோ கோர்ஸா என்ற கேமில் பெடல் காட்டும் சின்னக் கட்டத்தில் விசைக்கும் ஒரு பட்டை இருக்கும். அது சிவப்பாகாத அளவுக்குக் குறையுங்கள். திரும்பும் அளவை 900 டிகிரியிலேயே விட்டுவிடுங்கள், அதாவது இரண்டரைச் சுற்று. ஒவ்வொரு காருக்கும் எவ்வளவு வேண்டுமோ அந்த கேம் தானே பார்த்துக்கொள்ளும்.

பழையது வாங்குவதானால், கோயம்புத்தூர் போய் நேரில் பார்த்து வாங்குங்கள் தம்பி, பார்சலில் வேண்டாம். கரண்டு கொடுத்ததும் இருபக்கமும் தடங்கல் இல்லாமல் சுற்றுகிறதா பாருங்கள். கையோடு லேப்டாப் கொண்டுபோய் விண்டோஸின் கேம் கண்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, மூன்று பெடலையும் மிக மெதுவாக அழுத்துங்கள். திரையில் தெரியும் பட்டை எண்ணெய் மாதிரி வழுவழுவென்று ஏற வேண்டும். நடுங்கினால் முன்னே சொன்ன ஸ்ப்ரே வேலை பாக்கி என்று அர்த்தம், அதற்கேற்ற மாதிரி விலை பேசுங்கள். இருபது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள், மோட்டார் சூடானதும் விசை தளர்கிறதா என்பது அதற்குள் தெரியும்.

வாங்கிய பிறகு எந்த கேமில் ஆரம்பிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். டர்ட் ராலி என்றால் என் செட்டிங் அளவுகளை அப்படியே தருகிறேன்.