துறையூர் வழி

வணக்கம் மாமா,

பெர்த்தில் இருந்து எழுதுகிறேன். நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒரு உலக வரைபடம் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவரைப் பிடித்து, அவர் வழியாக இன்னொருவரைப் பிடித்து, இதுவரை 137 பேர் கிடைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும்தான். மற்றபடி சிங்கப்பூர், பெர்த், மெல்பர்ன், லண்டன், டொராண்டோ, துபாய், ஓஸ்லோவில்கூட ஒருவர். புள்ளியைத் தொட்டால் அங்கே இப்போது மணி என்ன என்றும் காட்டும். லயத்துப் பிள்ளைகள், தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், உலகம் முழுக்க இருக்கிறோம் என்று பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது.

மூன்று சந்தேகங்கள். ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று தினமும் போய் வருகிறவர்களுக்குப் புள்ளியை எங்கே வைப்பது? நம் ஊர் பெயரை பத்தாங் பெர்ஜுந்தை என்று போடுவதா, பெஸ்தாரி ஜெயா என்று போடுவதா? சிலர் இருக்கும் ஊரைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், 'வெளிநாடு' என்று மட்டும் போடச் சொல்கிறார்கள், அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? படத்தை இணைத்திருக்கிறேன். அம்மா இங்கே என்னோடுதான் இருக்கிறார். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பெர்த்)

அன்புள்ள மருமகனே,

படத்தை நேற்று ராத்திரி திறந்தேன். கைப்பேசியில் பார்த்தால் புள்ளியெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு சீனியில் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. பேத்தியின் மடிக்கணினியை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்திருக்கும்போது மணி ஒன்று. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உன் சந்தேகங்கள். சிங்கப்பூர் போய் வருகிறவர்களுக்கு ஜொகூர் பாருவிலேயே புள்ளி வை, தூங்குகிற இடம்தான் ஊர். ஆனால் விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கிற பயல்கள் எங்கே தூங்குகிறார்கள்? அந்த ஒரு கிலோமீட்டர் கடற்பாலத்தில் ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள், பாலத்துக்கு நடுவில் புள்ளி வைத்தாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஊர்ப் பெயர் உன் இஷ்டம். 2007இல் மாற்றினார்கள். பழைய பெயரைக் கேட்டு மலாய் தெரிந்த வெளியூர்க்காரன் ஏன் சிரிப்பான் என்று உன் அம்மாவிடம் போய்க் கேட்டு வைக்காதே. 45600 என்று எண் போட்டால் கடிதம் எப்படியும் வந்துவிடும். நான் வாயால் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறேன், படிவம் நிரப்பும்போது மட்டும் பெஸ்தாரி ஜெயா.

மூன்றாவது கேள்விக்கு உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும். ஊரைச் சொல்ல மாட்டேன் என்கிறவனை எதற்கு நீ சம்மதிக்க வைக்க வேண்டும்? நீ இருக்கிற நாட்டிலேயே விசா முடிந்த பிறகும் தங்கி அடுத்தவன் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருக்கிற மலேசியர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாதா? தாத்தா இங்கே துரையின் தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டினார், பேரன் அங்கே யாரோ ஒருவரின் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்கிறான். அவனைப் போய் 'நீ எந்த ஊரில் இருக்கிறாய், நேரத்தோடு காட்டுகிறேன்' என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? வெளிநாடு என்று சொன்னதே பெரிசு. விட்டுவிடு.

அந்த மணி காட்டுகிற வித்தை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் ஊரை விட்டு ஓர் அடி நகராமலே நேரம் மாறினோம், அது உனக்குத் தெரியாது, நீ அப்போது பிறக்கவில்லை. 1981 டிசம்பர் 31 ராத்திரி, மணி பதினொன்றரை ஆனதும் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டார்கள். தீபகற்பம் முழுக்க அரை மணி நேரம் காணாமல் போனது. அதுவரை இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து இரண்டரை. கடிகாரம் முன்னால் போனதே தவிர சூரியன் போகவில்லை, அதனால் பெரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிடுகிற வரிசைக்கு, நிற்கிறவர்கள் முன்னைவிட இருட்டில் நின்றார்கள். பால் மரத்துக்கு வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் ஓடும், இல்லையா. என் அம்மா ஒரு வருடம் வரைக்கும் 'புது மணியா, பழைய மணியா' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, மணி ஒன்று வரை உட்கார்ந்த கதைக்கு வருகிறேன். லண்டன் புள்ளிகளைப் பார்த்தேன், எழுபதுகளில் தாதிப் படிப்புக்குப் போன நம் அக்காமார் அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஓஸ்லோ யாரென்று கண்டுபிடித்துவிட்டேன், சின்ன வயதில் ஐஸ் கட்டி கடித்தால் பல் கூசுகிறது என்று அழுதவன். அப்படியே படத்தை நகர்த்திக்கொண்டே வந்தேன். துபாய். அதற்கு அடுத்து நம் சிலாங்கூர்தான். நடுவில் ஒன்றுமே இல்லை. திரும்பவும் நகர்த்தினேன். இந்தியாவில் ஒரு புள்ளி இல்லை. 137 பேரில் ஒருத்தர்கூட இல்லை.

எப்படி மருமகனே அது? நம் பள்ளியில் இருந்து வெளிநாடு போனவர்களில் முதல் கூட்டம் பெர்த்துக்குப் போனது இல்லை, லண்டனுக்கும் இல்லை. 1970இல், நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, ஒரே வருடத்தில் என் வகுப்பில் ஏழு நாற்காலி காலி. பள்ளிக்கூடத்தில் பெயர் வெட்டினார்கள், பெயருக்கு எதிரில் வாத்தியார் சிவப்பு மையில் 'தாயகம்' என்று எழுதினார். தாயகம்! அந்த ஏழு பேரில் ஒருத்தனும் அந்தத் தாயகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

என்ன நடந்தது என்று உன் வயதுக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, எங்கள் மேல்தான் தப்பு. குடியுரிமை உள்ளவருக்கு நீல ஐசி, அதாவது அடையாள அட்டை, இல்லாதவருக்குச் சிவப்பு. 1968இல் ஒரு சட்டம் போட்டார்கள், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று. 1969 மே கலவரத்துக்குப் பிறகு அது இறுகியது. இருபது வருடம், முப்பது வருடம் ஒரே மரத்தை வெட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு அந்த மரத்தை வெட்ட பெர்மிட். இந்த நாட்டில் இருந்து அப்போது இந்தியா திரும்பியவர்கள் 60,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். நீல ஐசிக்கு முன்பே மனுப் போட்டிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். பிறப்புக்கு ஆதாரம் கேட்பார்கள், மலாயில் கேள்வி கேட்பார்கள், அரை நாள் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும், அன்றைய கூலி போச்சு. அப்புறம், துரை இருக்கிறார், தோட்டம் இருக்கிறது, அட்டை எந்தக் கலரில் இருந்தால் என்ன என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள்.

ஆறாம் நம்பர் வீட்டு அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். எங்கள் வீடு எட்டாம் நம்பர், நடுவில் ஒரே ஒரு வீடு. அவர் சின்னப் பையனாகத் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவர், 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்குக் கொஞ்ச காலம் முன்னால். பிறந்த ஊரில் ஒரு கிணறு இருந்தது என்பதைத் தவிர அவருக்கு வேறு ஞாபகம் இல்லை. அவர் பையன் என் வகுப்பு, என் வயது, ஒரே கோலியை இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம், திங்கள் புதன் வெள்ளி எனக்கு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. அந்தப் பையன் 1960இல் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன். 1957 அரசியல் சட்டப்படி மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, பிறகு இங்கே பிறந்த குழந்தை தன்னால் குடிமகன். பெற்றவரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையெல்லாம் 1962இல் வந்தது. அதாவது அப்பனுக்குத்தான் சிவப்பு, மகன் என்னைப் போலவே இந்த நாட்டுப் பிள்ளை. பத்து வயதுப் பிள்ளை தான் மட்டும் இருந்துகொள்கிறேன் என்று சொல்லவா முடியும்? அவனும் போனான். நீ பெர்த்துக்குப் போனபோது உன் கையில் வேலைக் கடிதம் இருந்தது, விமான நிலையத்தில் பத்துப் பேர் மாலையோடு நின்றார்கள், உன்னை நான் வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளை என்கிறேன். அவனை மட்டும் எப்படி 'திரும்பிப் போனவன்' என்று கணக்கை முடிக்கிறோம்? எங்கே திரும்பினான் அவன்?

போன பிறகு ஒரே ஒரு கடிதம் வந்தது. 1971 பொங்கல் சமயம், பள்ளிக்கூட முகவரிக்கு, என் பெயர் போட்டு. அங்கே பள்ளியில் யாரும் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'மலேயாக்காரன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தான். பாட்டிக்கு முட்டி வலி, யாராவது வந்தால் கோடாலித் தைலம் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தான். நான் பதில் போடவில்லை. எனக்கு அப்போது தபால் தலை சேர்க்கிற பைத்தியம். உறையின் மூலையைக் கத்தரித்து, தலையைத் தண்ணீரில் ஊறவைத்து ஆல்பத்தில் ஒட்டினேன், உறையை என்ன செய்தேன் என்று தெரியவில்லை, அநேகமாக அடுப்பில் போயிருக்கும். அனுப்பியவன் முகவரி அதில்தான் இருந்தது. தலை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதனால் உன் படத்தைப் பார்த்து உனக்கு வந்த பெருமை எனக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே, நீ மெனக்கெட்டிருக்கிறாய், 137 பேரை யார் இப்படித் துரத்திப் பிடிப்பார்கள். ஆனால் ஒருவரைப் பிடித்து அவர் வழியாக அடுத்தவர் என்று போனால், யாரோடும் தொடர்பு அறுந்து போனவன் எப்படி வருவான்? அதை நீ யோசித்திருக்க வேண்டும். பெஸ்தாரி ஜெயாவா பெர்ஜுந்தையா என்று யோசித்த நேரத்தில் யோசித்திருக்கலாம்.

அவர்கள் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துறைமுகத்துக்கு நாங்கள் போகவில்லை. அப்போது அதற்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர், போர்ட் கிள்ளான் ஆனது 1972இல். தோட்டத்து லாரி செம்மண் சடக்கில் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது, கோழிகளை முதல் நாளே விற்றுவிட்டார்கள், நாய் மட்டும் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாமான் என்று பார்த்தால் இரண்டு துணி மூட்டை, ஒரு தையல் மெஷின், ஒரு தகரப் பெட்டி. பெட்டி பச்சை. மரத்துக்கு நம்பர் எழுதுகிற ஆளைப் பிடித்து அதே வெள்ளைப் பெயிண்டில் முகவரி எழுதி வாங்கியிருந்தார்கள், அவருக்கு நம்பர் எழுதித்தான் பழக்கம், எழுத்தெல்லாம் கோணலாக, ஒவ்வொன்றும் ஒரு அளவில். மேலே அப்பா பெயர். கடைசி வரியில் 'துறையூர் வழி, திருச்சி ஜில்லா'. நடுவில் ஊர்ப் பெயர். பூட்டு சரியில்லை என்று பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள், கயிறு சரியாக அந்த வரி மேல் இரண்டு சுற்று. எனக்குத் தெரிந்தது கடைசியில் 'பட்டி' என்கிற எழுத்துகள் மட்டும். துறையூர் பக்கத்தில் பட்டி என்று முடியும் ஊர்களை எண்ண ஆரம்பித்தால் உன் 137ஐத் தாண்டிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

இனி உனக்கு ஒரு வேலை. உன் அம்மா அப்போது பதினாறு வயதுப் பெண், எதிர் லயத்தில் பத்தாம் நம்பர். எழுதத் தெரியாதவர்கள் எல்லாருக்கும் அக்காதான் கடிதம் எழுதிக் கொடுப்பார், ஒரு கடிதத்துக்கு ஒரு முட்டை. ஆறாம் நம்பர் வீட்டு அம்மா ஊரில் இருந்த நாத்தனாருக்கு மாதம் ஒன்று எழுதச் சொல்வார். அந்த முகவரியை அக்கா ஐம்பது தடவையாவது தன் கையால் எழுதியிருப்பார்.

சும்மா கேட்டால் 'எனக்கென்னடா ஞாபகம்' என்பார், விட்டுவிடாதே. சாயந்தரம் தேத்தண்ணி குடிக்கும்போது ஆறாம் நம்பர் வீட்டு வாசலில் இருந்த முருங்கை மரத்தில் ஆரம்பி. அந்த மரத்தில் இருந்து விழுந்து அக்காவுக்குக் கை முறிந்தது, அதை மறந்திருக்க மாட்டார். அப்புறம் முட்டை. அப்புறம் நாத்தனார். பெயர் வந்ததும் உடனே எனக்குக் கூப்பிடு, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதே. பெர்த்துக்கும் நமக்கும் ஒரே மணிதான், உன் படத்திலேயே பார்த்தேன். பதினோரு மணி வரைக்கும் விழித்திருப்பேன்.