மாசிக்காயும் தாமஸ் கோலின் மரமும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் தாமஸ் கோல் 1823-இல் பேனாவும் மையும் கொண்டு வரைந்த மரம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். அவருடைய ‘ஆக்ஸ்போ’ ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இது பாதியில் விட்டதுபோல் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பழுப்பு நிறம் மனத்தை ஏங்க வைத்தது. அந்த ஏக்கத்துக்காகவே அவர் அதைத் தேர்ந்தாரா? மையில் வரையப் பழக எந்த நிப் நல்லது?

க.

அன்புள்ள க.,

ஒரு வாரமாகத் தாத்தாவின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வேளையில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

நிப் எதுவானாலும் சரி, கையில் இருக்கும் பேனாவால் தொடங்குங்கள். பாதியில் விட்டது என்பதை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். ‘ஆக்ஸ்போ’ 1836-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். 1823-இல் கோலுக்கு வயது 22. பிட்ஸ்பர்க்கில் தந்தையின் தரைவிரிப்புத் துணித் தொழிலுக்கு உதவிக்கொண்டே, மோனங்ககீலா ஆற்றங்கரைக்குப் போய் மரங்களை நேரில் பார்த்து வரைந்து பழகியவர் அவர். மையில் இழுத்த கோட்டை அழிக்க முடியாது என்று தெரிந்தே ஒவ்வொரு கிளையையும் இழுத்த கை அது.

நிறத்தைப் பற்றித்தான் உங்களோடு சண்டை. அருங்காட்சியகக் குறிப்பில் ‘பழுப்பு மை’ என்றிருந்தால், அது பெரும்பாலும் இன்று தெரியும் நிறம். கணவாய் மீனின் மையை விரும்பிப் பழுப்புக்காகவே எடுத்தவர்களும் உண்டு. ஆனால் அக்காலத்தில் எழுதுவதற்குப் பரவலாக இருந்தது மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் வேலம்பிசினையும் கலந்த மை. ஆம், பாட்டி உரைகல்லில் இழைத்துக் குழந்தையின் நாவில் தடவிய அதே மாசிக்காய்தான். அந்த மை எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டதும் இரும்பு மாறிக் கறுக்கும், பல பத்தாண்டுகள் கழித்துப் பழுப்பாகிவிடும். அழிவின் நிறத்தை ஓவியரின் மனநிலை என்று வாசித்தால் அவருடைய மரத்தையே நீங்கள் பார்க்கவில்லை என்றாகிறது.

என் தாத்தா எழுதியது கடுக்காய் மை; அதிலும் அன்னபேதிதான். அவருடைய புத்தகத்தில் நெல் வரவு எழுதிய பக்கத்தில், ழகரத்தின் சுழியில் மை தேங்கிய இடமெல்லாம் காகிதம் அரித்து ஊசித்துளையாகியிருக்கிறது. ஆறு வயதில் அந்தத் துளைகளின் வழியே வெயிலைப் பார்த்ததற்கு அவர் என்னைக் கடுமையாகத் திட்டினார், பிறகு மடியில் வைத்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினார். அவர் எழுதியபோது எழுத்துகள் காக்கை நிறமாக இருந்தனவாம்.

ஆகவே அந்த மரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். மை திரண்ட இடங்களில் பழைய கறுப்பு கொஞ்சம் தங்கியிருப்பதுண்டு. அடிமரத்தின் நிழலில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கும் இடத்தில் அதைத் தேடிப் பிடித்து, மனத்துக்குள் மரம் முழுவதற்கும் ஏற்றிய பிறகு எனக்கு எழுதுங்கள்.