பாட்டு கேட்கப் போகும் சரஸ்வதி

கேள்வி: சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய ஒன்றுக்குப் பின்னால் இப்படி ஒரு கதையா என்று அசந்துபோன அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. அது எங்கள் ஆச்சி வீட்டு வாசலைத் தாண்டித்தான் வருஷாவருஷம் போய்க்கொண்டிருந்தது.

ஆச்சி வீடு கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில், மெயின் ரோட்டை ஒட்டி. நவராத்திரி தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது மத்தியானமே வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, தட்டில் பழமும் பூவும் வைத்துக் காத்திருப்பாள். காற்றுக்கு விளக்கு அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டியது என் வேலை என்பாள். எனக்கேது முந்தானை, சட்டையைத்தான் விரித்துப் பிடிப்பேன். சாயங்காலம் யானை வரும். யானை மேல் சரஸ்வதி. கூடவே பல்லக்குகளில் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும். ஒருவர் வாளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். எங்களுக்கு யானையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

“சரஸ்வதி எங்க போறா ஆச்சி?”

“திருவனந்தபுரத்துக்கு மக்கா. பாட்டு கேக்கப் போறா.”

ஏதோ மலையாளத்துத் திருவிழா, போகிற வழியில் நம் ஊர் இருக்கிறது, அவ்வளவுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும்போதுதான் விஷயம் தலைகீழ் என்று தெரிந்தது. திருவிழாவே எங்கள் பக்கத்திலிருந்து போனது.

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம்தான், எங்கள் பகுதியையும் தென்கேரளத்தையும் சேர்த்து ஆண்ட திருவிதாங்கூர் ராஜ்யத்தின் பழைய தலைநகரம். கல்குளம் என்பது அதன் முந்தைய பெயர். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா ஆண்டது இங்கிருந்துதான். (அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் என்ற டச்சு அதிகாரி பிறகு திருவிதாங்கூருக்கே படைத்தலைவர் ஆனார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதற்குத் தனிப் பதில்தான் எழுத வேண்டும்.) அரண்மனைக்குள் இருக்கும் தேவாரக்கட்டு கோயில் சரஸ்வதிக்கு நவராத்திரி நடக்கும். அந்த விக்கிரகம் கம்பர் பூஜித்தது, பிறகு சேர மன்னரிடம் வந்தது என்பது இங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் கதை.

1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. ராஜா போனார், கஜானா போனது, உத்தியோகஸ்தர்கள் போனார்கள். பிறகு நவராத்திரியும் அங்கே போயிற்று. சாமிகள் மட்டும் போகவில்லை. விழாவுக்கு அங்கே வருவார்கள், முடிந்ததும் தங்கள் கோயிலுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று ஏற்பாடு. புதிதாக ஒரு சரஸ்வதியைச் செய்து அங்கேயே வைத்திருந்தால் வேலை மிச்சம். ஏனோ, அந்த ராஜாக்களுக்கு அது தோன்றவில்லை. நல்லவேளை.

இதுவரை ஒரே நாட்டுக்குள் நடந்த போக்குவரத்து. 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்காக 1954 ஆகஸ்ட் 11-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. எல்லை களியக்காவிளையில் விழுந்தது. சாமி புறப்படும் ஊர் தமிழ்நாடு, போய்ச் சேரும் ஊர் கேரளம் என்றாகிவிட்டது. அரண்மனை கதை இன்னும் விசேஷம்: நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வெளியூர் நண்பர்களை அழைத்துப் போனால் போர்டைப் பார்த்துவிட்டு, “எப்ப பார்டர் தாண்டினோம்?” என்று கேட்பார்கள்.

இப்போதும் அரண்மனை உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளைக் கைமாற்றிய பிறகுதான் ஊர்வலம் கிளம்பும். முதல் ராத்திரி குழித்துறை மகாதேவர் கோயில். மறுநாள் களியக்காவிளையில் கேரள அதிகாரிகளும் போலீஸும் வரவேற்பார்கள். அன்று ராத்திரி நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் திருவனந்தபுரம். 50 கிலோமீட்டருக்கு மேல் நடை. அங்கே சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், முருகனுக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை.

மண்டபத்தில் ஒன்பது நாளும் கச்சேரி. திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் நவராத்திரிக்கென்றே பாடிவைத்த ஒன்பது கீர்த்தனைகள், முதல் நாள் சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும். கேட்பவர்கள் கை தட்ட மாட்டார்கள், அது அம்மனுக்கான காணிக்கை. ஆச்சி சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. பாட்டு கேட்கத்தான் போகிறாள்.

ஆனால் அந்த மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்று இருந்தது. கலைமகளுக்கு நடக்கிற கச்சேரியில்! இது தெரிந்தபோதுதான் நான் நிஜமாகவே அசந்துபோனேன்.

வழக்கத்தை உடைத்தவர் பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை எங்கே இருக்கிறது தெரியுமா? களியக்காவிளை தாண்டியதும் வரும் ஊர், சரஸ்வதியின் யானை போகிற அதே ரோட்டில். திருவனந்தபுரம் சங்கீதக் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் பெண் அவர். பிறகு அங்கேயே ஆசிரியர். தலைமுறைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பாட 2006 ஆயிற்று. அப்போது வயது 81. பத்மஸ்ரீ 2017-இல்தான் வந்தது. 2021-இல் காலமானார்.

2006-இல் செய்தித்தாளில் வந்ததை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கண் சரியாகத் தெரியாத காலம் அது. முற்றத்தில் உட்கார்ந்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, திரியைக் கீழே வைத்தாள்.

“பின்ன இம்புட்டு வருசமும் அவ ஆம்பிளையளுக்க பாட்டத்தானா கேட்டுட்டு வந்தா?”