அனிமே (ஜப்பானிய அனிமேஷன்): கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: அனிமே பார்த்ததே இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

ப: டெத் நோட். மொத்தமே 37 எபிசோட். ஒரு நோட்டில் பெயரை எழுதினால் அந்த ஆள் காலி, அந்த நோட்டு ஒரு கெட்டிக்காரப் பள்ளிப் பையன் கையில் கிடைக்கிறது. முதல் எபிசோடிலேயே பிடித்து உட்கார வைத்துவிடும், 25-க்கு அப்புறம் கொஞ்சம் காற்று இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை: முடிக்கும் வரை எந்தப் பாத்திரத்தின் பெயரையும் கூகுளில் தேடாதீர்கள். பெயரைத் தட்டி முடிப்பதற்குள் ‘எப்படிச் செத்தார்’ என்று அதுவே எடுத்துக் கொடுக்கும்.

கே: அண்ணா, நருட்டோ முழுசும் பார்த்தே ஆகணுமா?

ப: வேண்டாம் தம்பி. முதல் தொடரின் 220 எபிசோடில், 135-க்குப் பிறகு வருவது பெரும்பாலும் மாங்காவில், அதாவது மூல ஜப்பானியக் காமிக்ஸில், இல்லாத ஃபில்லர். வாராவாரம் ஒளிபரப்பு நிற்கக் கூடாது, மாங்காவோ அந்த வேகத்தில் வராது, அதனால் இழுத்துவிட்டார்கள். ஃபில்லர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாண்டிப் போங்கள். பாத்திரங்களின் பெயரை மட்டும் தேடிவிடாதீர்கள்.

கே: ஒன் பீஸ் இப்போது தொடங்கலாமா?

ப: 1999-ல் ஆரம்பித்தது, ஆயிரம் எபிசோடைத் தாண்டியாயிற்று. மாங்காவைப் படியுங்கள், பாதி நேரம் மிச்சம்.

கே: தமிழ் டப்பிங்கா, ஜப்பானியக் குரலா?

ப: நான் ஜப்பானியக் குரல் கட்சி. ஆனால் ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும், வில்லன் இழுத்து இழுத்துப் பேசிக் கடைசிச் சொல்லில்தான் குண்டைப் போடுவான், ஆங்கில வரியோ அவன் வாயைத் திறக்கும்போதே அதைப் போட்டு உடைத்திருக்கும். தங்கை ‘ஓனீ-சான்’ என்று கூப்பிட்டால் ஆங்கிலத்தில் பல நேரம் அண்ணனின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள், நமக்கு ‘அண்ணா’ இருக்கிறது, வேலை முடிந்தது. ஆனால் டிராகன் பால் தொடரின் நாயகன் கோகு தன்னை ‘ஓரா’ என்பான், அது கிராமத்துப் பேச்சு. தமிழில் இருப்பதோ ‘நான்’ ஒன்றுதான். அவனை வட்டார வழக்கில் பேசவிட்டால்தான் அந்த ருசி வரும், செய்தி வாசிக்கிற தமிழில் பேசினால் அவன் கோகுவே இல்லை.

கே: எதிலிருந்து தொடங்குவது ப்ரோ?

ப: முதல் பதில்.

கே: ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டில் 2003 தொடர் வேஸ்ட், நேராக பிரதர்ஹுட் பார்த்தால் போதும் என்கிறார்கள். சரிதானே?

ப: சரியில்லை. 2003-ல் தொடர் வந்தபோது அரகாவா ஹிரோமு மாங்காவை எழுதி முடித்திருக்கவில்லை, அதனால் பாதிக்கு மேல் சொந்தக் கதையில் போய் 51 எபிசோடில் முடித்தார்கள். 2009-ல் அதே கதையை மறுபடி எடுத்த பிரதர்ஹுட் மாங்காவை ஒட்டியே போகிறது, 64 எபிசோட். ஒட்டிப் போவதாலேயே உசத்தி என்று யார் சொன்னது?

கே: நான்தான் சொல்கிறேன். கதை, சண்டை, முடிவு எல்லாவற்றிலும் பிரதர்ஹுட்தான். 2003-ன் முடிவை நீங்களே ஆதரிக்க மாட்டீர்கள்.

ப: முடிவு சொதப்பல்தான், மறுக்கவில்லை. ஆனால் ராணுவ அதிகாரி ஹியூஸை எடுத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் மகளின் போட்டோவை நீட்டிக்கொண்டு, ஆபீஸ் போனில் மகள் புராணம் பாடுகிற மனுஷன். பிரதர்ஹுட் அவரைப் 10-வது எபிசோடிலேயே கொன்றுவிடுகிறது. சவ அடக்கக் காட்சியில் குறையில்லை: அப்பாவை ஏன் புதைக்கிறார்கள் என்று குழந்தை கேட்கிறது, ஹியூஸின் நண்பர் மஸ்டாங் தொப்பியை இறக்கிக்கொண்டு மழை வருகிறது என்கிறார், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆனால் நமக்கு அந்த மனுஷனோடு பழக நேரமே தரவில்லையே. 2003-ல் அவர் சாவது 25-ல், சரிபாதித் தொடர். அதற்குள் அவர் நம் வீட்டு ஆள் ஆகிவிடுகிறார், நான் அன்றைக்கு அடுத்த எபிசோடைப் போடவே இல்லை.

கே: அவசரப்பட்டதற்குக் காரணம், முந்தைய தொடரை எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார்கள்.

ப: அதைத்தானே நானும் சொல்கிறேன்! பிரதர்ஹுட்டின் ஆரம்பம் 2003-ன் தோளில் ஏறி நிற்கிறது. இன்னொன்று, 2003-ல் ஹோமன்குலஸ்கள் என்கிற செயற்கை மனிதர்கள் செத்தவரை உயிர்ப்பிக்கப் போய்த் தோற்றவர்களின் தவறிலிருந்து பிறக்கிறார்கள். அவனவன் செய்த பாவம் உருவெடுத்து அவனவன் வாசலிலேயே வந்து நிற்கிறது. பிரதர்ஹுட்டில் எல்லோருக்கும் ஒரே வில்லன்தான் மூலம். சண்டைக்கு அது வசதி, மனசுக்கு 2003-தான்.

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ப: வேண்டாம். அடுத்தவர்.

கே: ஏழு வயது மகளோடு கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ் பார்க்கலாமா? கார்ட்டூன்தானே?

ப: வேண்டவே வேண்டாம். அது போரில் அநாதையான அண்ணனும் தங்கையும் பசியில் வாடுகிற கதை. 1988-ல் ஜப்பானில் அதையும் மை நெய்பர் டோட்டோரோவையும் இரட்டைக் காட்சியாகப் போட்டார்கள், அந்தக் குழந்தைகளை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. மகளோடு டோட்டோரோ பாருங்கள். மற்றது நீங்கள் மட்டும், ஒரே ஒரு தடவை.

கே: எவாஞ்சலியனில் கடைசி இரண்டு எபிசோட் புரியவில்லை.

ப: 1997-ல் வந்த ‘தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்’ படத்தைப் பாருங்கள். அதுவும் புரியாது, ஆனால் புரியாதது பிரம்மாண்டமாக இருக்கும்.

கே: புதுசாகப் பார்க்கிறவர்களுக்கு எது நல்ல…

ப: முதல் பதில்! மேலே போய்ப் பாருங்கள் சாமி. யார் பெயரையும் தேடாதீர்கள்.

கே: அண்ணா, நீங்கள் சொன்னபடி யார் பெயரையும் தேடவில்லை. பிரதர்ஹுட்டில் எட்டாவது எபிசோடில் இருக்கிறேன். ஹியூஸ் சாவதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

ப: ஐயோ. மன்னித்துவிடு தம்பி. 2003-ஐப் போடு, அங்கே இன்னும் 24 எபிசோட் உயிரோடு இருக்கிறார்.