பைக் சாவியை ஆணியில் மாட்டிய பிறகு

கேள்வி: அன்றாட வாழ்க்கையில் நம்முடைய கார்பன் தடத்தைக் குறைக்க என்னதான் செய்யலாம்?

துணிப்பையில் தொடங்காதீர்கள் என்பேன். துணிப்பை நல்லதுதான், குப்பை குறையும். ஆனால் கார்பன் தடம், அதாவது பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களில் நம் பங்குப் புகை, எங்கிருந்து போகிறது என்று தெரிய வேண்டுமானால் பெட்ரோல், சிலிண்டர், மின்கட்டணம் மூன்றின் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி உட்கார்ந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

வீடு கிருஷ்ணகிரியில், வேலை ஓசூரில். போக 50, வர 50 கிலோமீட்டர். என் பைக் லிட்டருக்கு 50 தரும். நாளுக்கு 2 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். (ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே, இதென்ன கணக்கு என்று மைத்துனர் சண்டைக்கு வந்தார். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொள்கிறது. மீதி எடை அதனுடையது.) மாதம் 25 நாள் என்றால் 115 கிலோ. என்னைப் போல இரண்டு ஆள் எடை.

பஸ் லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டர்தான் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஓசூர் போய்ச்சேர 10 லிட்டர், அதாவது சுமார் 27 கிலோ புகை. ஐம்பது பேர் பங்கு போட்டால் தலைக்கு அரை கிலோ சொச்சம். போக வர 1.1 கிலோ, பைக்கில் 4.6. சாவியை ஆணியில் மாட்டினேன். சும்மா வந்துவிடவில்லை: முக்கால் மணி நேரம் முன்னதாக எழ வேண்டும், பல நாள் வழியிலுள்ள சூளகிரி வரை நின்றுகொண்டே போக வேண்டும். முதல் மாதத்தில் இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டு அரை நாள் சம்பளம் போனது.

வீட்டில் செய்தது சின்ன வேலை. 75 வாட் பழைய மின்விசிறிகள் இரண்டை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார்) விசிறிகள் மாட்டினோம். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் வீட்டில், ஒரு விசிறிக்கு இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கு.

சமையலறைப் பெருமை அம்மாவுக்குத்தான் சேரும். பருப்பை முன்கூட்டியே ஊறவைப்பது, எதையும் மூடி போட்டு வேகவைப்பது என்று பிடிவாதமாக இருந்தார். 35 நாள் வந்த சிலிண்டர் இப்போது 45 நாள் வருகிறது. இரவில் வாரம் நான்கு நாள் சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களி. நொய் வெந்ததும் மாவைக் குவித்துக் கொட்டி, மூடி, தீயைச் சிறிதாக்கிவிட்டுக் கீரை கடையப் போய்விடுவார். துடுப்பு போட்டுக் கிண்டும் வேலை மட்டும் என்னுடையது. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் காற்றுப் புகாத சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்பும்; அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான். நம் பக்கத்து மானாவாரிக் கேழ்வரகுக்கு அந்தத் தொல்லை இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "முதலில் கட்டி இல்லாமல் கிண்டு" என்றார்.

இரவு ஷிப்ட் வாரத்தில் மட்டும் இன்னும் பைக்தான். அந்த நேரத்து பஸ்கள் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. அங்கிருந்து இருட்டில் வீட்டுக்கு நடக்க எனக்கு மனம் வரவில்லை.