டவர் கோட்டை நம்பி பூஸ்டர் வாங்காதீர்கள்

தென்காசிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே புது வீடு கட்டிக் குடிபோயிருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மொட்டை மாடியில் நாலு கோடு டவர் காட்டுகிறது. கீழே படுக்கையறையில் ஒரு கோடுதான். பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. மாமனார் இதய நோயாளி. ராத்திரி அவசரம் என்றால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடவேண்டியிருக்கிறது. டவுனில் ஒரு கடைக்காரர், வெளியே ஆண்டெனா, உள்ளே பூஸ்டர் என்று 14,000 ரூபாய்க்கு மாட்டித் தருகிறேன் என்கிறார். வீட்டுக்கே கொண்டுவந்து போட்டும் காட்டினார், கோடு முழுசாக ஏறியது. வாங்கலாமா?"

வாங்காதீர்கள் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் மொபைல் சிக்னல் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022-லேயே அறிவித்திருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். சோதனைக்கு ஆள் வரும்போது பெட்டி தொங்கிக்கொண்டிருப்பது உங்கள் வீட்டுச் சுவரில்.

சட்டம் இருக்கட்டும். கோயில் கொடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ஊளையிடுகிறதல்லவா, பூஸ்டரிலும் அதேதான் நடக்கும். அந்தப் பெட்டி 70 டெசிபெல் பெருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு கோடி மடங்கு. உள்ளே இருக்கும் ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் அலை மாடியில் இருக்கும் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேரும்போது, அதைவிட இன்னும் 15 டெசிபெல்லாவது கூடுதலாக அடங்கியிருக்க வேண்டும். நடுவே ஒரே ஒரு தளம் இருக்கும் வீட்டில் அது நடப்பது கடினம். பெட்டி ஊளையிடும். அந்த இரைச்சல் டவரின் காதில் விழுந்து, சுற்றியுள்ள நாலு தெருக்காரர்களின் அழைப்பும் கெடும். உங்களுக்குக் கோடு முழுசாக இருக்கும், பேச்சு மட்டும் வராது.

அந்தக் கோடு ஓர் அளவே இல்லை. எத்தனை டெசிபெல்லுக்கு எத்தனை கோடு என்று எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. 2010-ல் ஐபோன் 4 கையில் பிடித்தாலே சிக்னல் குறைகிறது என்று புகார் கிளம்பியபோது, கோடு போடும் சூத்திரமே தப்பு, இரண்டு காட்டவேண்டிய இடத்தில் சில சமயம் நாலு காட்டியிருக்கிறோம் என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

எனவே எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் 'போன் பற்றி', அதற்குள் 'சிம் நிலை' என்று போனால் சிக்னல் வலிமை மைனஸ் எண்ணாக, டிபிஎம் என்னும் டெசிபெல் கணக்கில் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்ய வேண்டும். 4ஜியில் நமக்கு வேண்டியவை இரண்டு: ஆர்எஸ்ஆர்பி என்பது டவரிலிருந்து வரும் அலையின் வலு, எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலுக்கு மேலே அந்த அலை எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்பது. இரண்டாவது உங்கள் போனில் தெரியவில்லை என்றால், அதைக் காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. வலு மைனஸ் 85 என்றால் நன்று, மைனஸ் 100 சுமார், மைனஸ் 115-க்குக் கீழே போனால் பேச்சு அறுந்தறுந்து வரும். பத்து எண் இறங்கினால் பத்தில் ஒரு பங்கு, முப்பது இறங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. எஸ்ஐஎன்ஆர் 13-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனால் வலு எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், போனை நாலு விரற்கடை நகர்த்தினாலே எண் குதிக்கும். இந்தத் துறையில் அளப்பவர்கள் நாற்பது அலைநீளத் தூரம் நகர்ந்து சராசரி எடுப்பது வழக்கம். உங்களுக்கு அது ஏழு மீட்டர்: படுக்கையறையில் ஒரு நடை போய் வருகிற தூரம். போனைக் காதில் வைக்காமல் உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்து, மெதுவாக நடந்து பத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடியில், வாசலில், படுக்கையறையில் என மூன்று இடம். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை.

மாடியில் மைனஸ் 85, அறையில் மைனஸ் 112 என்று வந்தால், உங்கள் கான்கிரீட் தளமும் சுவரும் 27 டெசிபெல்லை விழுங்குகின்றன, டவர்மேல் குற்றமில்லை. மாடியிலேயே மைனஸ் 112 என்றால் டவர் தூரம், அல்லது தோப்பு மறைக்கிறது. அப்போது 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசையில் அந்தப் பக்கம் சேவை தரும் கம்பெனியின் சிம்மைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். வலு நன்றாக இருந்து இரவில் மட்டும் எஸ்ஐஎன்ஆர் சரிந்தால் நெரிசல்தான் காரணம். அதை எந்த ஆண்டெனாவும் தீர்க்காது.

கடைக்காரர்கள் காட்டும் இன்னொரு வித்தையையும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாறாதவர்கள் குறைவு. பூஸ்டர் போடுமுன் 'மைனஸ் 105, பாருங்கள்' என்பார்கள். போட்டபின் ஆப்பில் வேறொரு பக்கத்தைத் திறந்து 'மைனஸ் 75' என்பார்கள். முதலில் காட்டியது ஆர்எஸ்ஆர்பி, பின்னால் காட்டியது ஆர்எஸ்எஸ்ஐ. முன்னது ஒரேயொரு துணை அலையின் வலு. பின்னது மொத்த அலைக்கற்றையின் வலு, இரைச்சலும் சேர்ந்தது. 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி கற்றையில் 1,200 துணை அலைகள் இருக்கின்றன. அதனால் எதையுமே மாட்டாமலே இரண்டுக்கும் 30 வரை வித்தியாசம் வரும். எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்று பெயரைக் கேளுங்கள். முன்னும் பின்னும் ஒரே பெயர் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது வைஃபை காலிங். ஃபைபர் இணைப்பு கிடைத்தால் போட்டுவிட்டு, போன் அமைப்பில் அதை இயக்குங்கள். டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாக, அறைக்குள்ளிருந்தே சாதாரண எண்ணுக்குப் பேசலாம். உங்கள் போனும் சிம் கம்பெனியும் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோப்புக்குள் ஃபைபர் வராது என்றால் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் பெயரைச் சொல்லித்தான் பூஸ்டரையும் விற்கிறார்கள். சான்று பெற்ற 4ஜி ரௌட்டரில் சிம்மைப் போட்டு, அதற்கு வெளி ஆண்டெனா மாட்டுவது பூஸ்டர் ஆகாது. அதில் பெருக்கித் திரும்ப அனுப்பும் பெட்டி இல்லை. ரௌட்டரும் ஒரு போன் மாதிரிதான். ஆண்டெனா புதிதாக எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. டார்ச் லைட்டின் கண்ணாடிக்கிண்ணம் வெளிச்சத்தை ஒரு பக்கம் குவிக்கிறதே, அந்த வேலைதான். 10 டிபிஐ, அதாவது 10 டெசிபெல் அளவுக்குக் குவிக்கும் ஆண்டெனா வாங்கி, 15 மீட்டர் மெல்லிய மலிவுக் கேபிளில் கீழே இறக்கினால், 1800 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் மீட்டருக்கு முக்கால் டெசிபெல் தின்னும். பதினைந்து மீட்டருக்குப் பதினொன்று. ஆண்டெனா கொடுத்ததைக் கேபிள் எடுத்துக்கொண்டு உங்களிடமிருந்தும் ஒன்றைப் பிடுங்கிவிடும். ஆகவே ரௌட்டரை மாடிப்படி அறையில் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். கேபிள் இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். அங்கிருந்து படுக்கையறைக்கு லேன் கேபிள் இழுத்து ஒரு சின்ன வைஃபை பெட்டி. ரௌட்டரில் இரண்டு துளை இருந்தால் இரண்டு ஆண்டெனாவும் வேண்டும், ஒன்று வலமும் மற்றது இடமுமாக 45 பாகை சாய்ந்து. ஆண்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரைக் குறியுங்கள். அது எங்கே உச்சமோ அங்கே இறுக்குங்கள்.

உள்ளங்கையளவு ஆண்டெனாவில் '35 டிபிஐ' என்று அச்சடித்து விற்கிறார்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் 35 டிபிஐ வேண்டுமென்றால் கிட்டத்தட்ட நாலு மீட்டர் அகலத் தட்டு வேண்டும்! ஆண்டெனாவின் திறனை அலை எதிரொலிக்காத அறையில் வைத்து அளக்க வேண்டும். சென்னைத் தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. அளந்த தாளைக் கேட்டால் தெருக்கடைக்காரரிடம் எதுவும் இருக்காது.

புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிப்படி கம்பெனிகள் சிக்னல் வரைபடத்தைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் ஊர் அதில் பச்சையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட வரைபடங்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டு வரைந்தவை. டோக்கியோ சுற்றுவட்டாரத்தில் ஜப்பானியப் பொறியாளர் ஒக்குமுரா அளந்து 1968-ல் வெளியிட்ட வளைகோடுகள், அவற்றை 1980-ல் ஹாட்டா ஆக்கிய சூத்திரங்கள், அந்த வழியில் வந்த கணக்கு. உங்கள் படுக்கையறைச் சுவரை அது அறியாது. என் அக்கா வீட்டுக்காக நான் ஒரு கம்பெனிக்கு மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் 'உங்கள் பகுதியில் சேவை சீராக உள்ளது' என்று குறுஞ்செய்தி அனுப்பி மூடிவிட்டார்கள். ஒருவர்கூட வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாவது தடவை இடம், நேரம், எண் என்று அட்டவணை போட்டு மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் கையில் கருவியோடு ஒரு பையன் வந்தார். நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஒருவரை அளக்க அனுப்புவதற்கு இத்தனை படி ஏறவேண்டுமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் நேராக எண்ணோடு போங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். சரியான பதில் இல்லாமல் மூடினால் மேல்முறையீடு செய்யுங்கள். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கிடையே மாமனார் அறைக்கு வைஃபை காலிங் வந்துவிட்டால், ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கி வையுங்கள். கரண்ட் போன ராத்திரியிலும் டாக்டருக்குப் போன் போக வேண்டும்.