வீட்டிலேயே பைக் சர்வீஸ் செய்வது லாபமா, இல்லை தேவையில்லாத வேலையா?

லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் நஷ்டம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் வண்டி புதுசு, ஃப்ரீ சர்வீஸ் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றால் அது முடிகிறவரை கை வைக்காதீர்கள். வாரண்டி தகராறில் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் ஏன் ஆரம்பித்தேன் என்றால் கோபத்தில். குளச்சல்காரன் நான், தினமும் திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் போய் வருகிறேன். வண்டி, அப்பா ஓட்டிய பழைய ஸ்பிளென்டர். ஒரு நாள் சர்வீஸ் பில்லைச் சும்மா படித்தேன், 'ஆயில் ஃபில்டர்' என்று ஒரு வரி. அந்த வண்டிக்கு மாற்றிப் போடுகிற ஆயில் ஃபில்டரே கிடையாது! உள்ளே ஒரு கம்பி வலையும், சுழல்கிற வேகத்தில் அழுக்கை ஒதுக்குகிற ஒரு கிண்ணமும்தான், இரண்டையும் கழுவித்தான் போடுவார்கள். எத்தனை பில்லில் அந்த வரிக்குப் பணம் கொடுத்தேனோ. எல்லா மெக்கானிக்கும் அப்படி என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள், அடுத்த பத்தியில் என்னைக் காப்பாற்றியதே ஒரு மெக்கானிக் அண்ணன்தான்.

600 ரூபாய்க்கு ஸ்பேனர் செட் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மெயின் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, அம்மாவின் ஓட்டை விழாத பழைய மீன்சட்டியைக் கீழே வைத்து, 17 ஸ்பேனரால் டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் அழகாக வடிந்தது. எல்லாம் சரியாகத்தான் போனது, திரும்ப முறுக்கும்போது, ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஸ்பேனர் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இழுக்கிற வரைக்கும். திடீரென்று கைக்கு லேசானது. போல்ட் இரும்பு, அது போய் உட்காருகிற இடம் அலுமினியம், மரை போய்விட்டது. மச்சான் தன் வண்டியில் வந்து என் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் காலை வைத்துத் தள்ளிக்கொண்டே ஒர்க்ஷாப் வரை கொண்டு சேர்த்தான். அந்த அண்ணன் போல்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம் மக்கா, கையில இவ்வளவு பலம் இருந்தா வள்ளம் தள்ளப் போயிருக்கலாமே?" பெரிய மரை வெட்டி, தடித்த போல்ட் போட்டுக் கொடுத்தார். மரை கழன்றது வண்டிக்கா எனக்கா என்று வீட்டில் ஒரு வாரம் ஓட்டினார்கள்.

ஆகவே முறுக்குவதில் நிதானம். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டாலே ஒழுகாது, பலம் தேவையில்லை. ஆயில் அளவு பார்க்கிற குச்சியை இந்த வண்டியில் திருகாமல் சும்மா நுழைத்துத்தான் பார்க்க வேண்டும், நான் திருகிப் பார்த்து ஒரு தடவை அளவைத் தப்பாகக் கணக்குப் போட்டேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் ஆயில் ஊற்றாதீர்கள், பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது, வழுக்க ஆரம்பிக்கும்.

உண்மையில் நம்ம ஊரில் வீட்டு வேலை என்றால் அது செயின்தான். கடற்கரைக் காற்றில் இரண்டு நாள் வண்டியைச் சும்மா விட்டால் செயின் செங்கல் நிறமாகிவிடும், இதில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பழைய டூத்பிரஷ், கொஞ்சம் டீசல், துடைத்துவிட்டு 90 ஆயில், அதாவது கெட்டியான கியர் ஆயில். சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செய்ய வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டுத் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், விரல் போய்விடும். தொய்வு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கட்டும், இறுக்கினால் பின் சக்கரத்தின் இரண்டு பக்கத்துக் குறியும் ஒரே கோட்டில் நிற்கிறதா பாருங்கள், பின் பிரேக்கையும் அப்போதே சரி பண்ணுங்கள்.

ஏர் ஃபில்டரைப் பற்றி எழுத வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிக்குப் பின்னால் ஒரு நாள் மாட்டினால் போதும், தார்ப்பாயும் மூடாமல், மூக்கில் கண்ணில் எல்லாம் பொடி. நம்ம மலையை உடைத்து நம்ம ரோட்டையும் உடைத்துக்கொண்டு போகிறார்கள், கேட்டால் பெர்மிட் இருக்கிறதாம். புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்கு என் ஃபில்டர் ஒரு நாளும் தாங்கியதில்லை. சரி, நீங்கள் கேட்டது அதுவல்ல.

பழைய ஆயிலை ஓடையில் கொட்டாதீர்கள். ஒரு கேனில் சேர்த்து அதே ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன். அந்த அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேனை வாங்கிக்கொண்டே, "போல்ட் இருக்கா?" என்று கேட்கிறார்.